காற்றுக்காலத்தில் ஆட்டோமேட்டிக் வண்டி: கன்வர்ட்டர் வழுக்கலும் கியர் மாறும் நேரமும்

ஆனி, ஆடி மாதங்களில் திருநெல்வேலியிலிருந்து ஆட்டோமேட்டிக் காரில் நாகர்கோவில் வருகிறவர்கள் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். காவல்கிணறு வரைக்கும் ஒழுங்காக வந்த வண்டி, மேற்கே திரும்பி முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே நுழைந்ததும் வேறு வண்டியாகிவிடுகிறது. வேகம் 80-லேயே நிற்கிறது. ஆர்.பி.எம். முள் மட்டும் 1700-லிருந்து 2100-க்குப் போகிறது. கொஞ்ச நேரத்தில் ஒரு கியர் இறங்குகிறது, பிறகு ஏறுகிறது, மறுபடி இறங்குகிறது. ஆரல்வாய்மொழியும் தோவாளையும் தாண்டி வெள்ளமடம் வந்தால் எல்லாம் அடங்கிவிடுகிறது. பிறகு எனக்கு ஒரு போன்: "அண்ணே, ரெய்ஸ் மட்டும் ஏறுது, வண்டி ஓடமாட்டேங்கு. கியர்பாக்ஸ் வழுக்க ஆரம்பிச்சிட்டோ?"

வழுக்கத்தான் செய்கிறது. வழுக்குவதற்கென்றே செய்த பொருள் ஒன்று அதற்குள் இருக்கிறது. அதன் பெயர் டார்க் கன்வர்ட்டர். அது வழுக்குவதற்கும் கியர் முன்பின்னாக மாறுவதற்கும் தொடர்பு உண்டு. ஆனால் அது நேரடித் தொடர்பு இல்லை. இரண்டுக்கும் நடுவில் ஓட்டுகிறவரின் வலது கால் இருக்கிறது. இது புரியாததால் நம்ம பக்கத்தில் நல்ல கியர்பாக்ஸ்களைக் கழற்றிப் பார்த்துக் காசை இழந்தவர்கள் உண்டு. கெட்டுப்போன கன்வர்ட்டரோடு இரண்டு வருஷம் ஓட்டியவர்களும் உண்டு. இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

தொடங்கும் முன் ஒன்று. கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாம் ஒரே ஜாதி இல்லை. 2014-இல் மாருதி செலேரியோவோடு இந்தியாவுக்குள் வந்த ஏ.எம்.டி. என்பது சாதாரண கியர்பாக்ஸ்தான். கிளட்சை மிதிப்பதையும் கியர் போடுவதையும் ஒரு கருவி செய்கிறது, அவ்வளவே. அதில் கன்வர்ட்டர் கிடையாது. நான் பேசுவது ஆட்டோமேட்டிக் இன்னோவா கிரிஸ்டா, எக்ஸ்யுவி 700, தார், ஆறு கியர் எர்டிகா, பிரெஸ்ஸா, டீசல் கிரெட்டா போன்ற வண்டிகளைப் பற்றி.

கன்வர்ட்டருக்குள் எண்ணெயும் மூன்று சக்கரங்களும் இருக்கின்றன. எஞ்சினோடு சேர்ந்து சுற்றும் பம்ப் சக்கரம் எண்ணெயை எறிகிறது. எதிரே இருக்கும் டர்பைன் அதை வாங்கிக்கொண்டு கியர்பாக்ஸைச் சுழற்றுகிறது. டர்பைனைத் தள்ளிவிட்டுத் திரும்பும் எண்ணெயின் திசையை நடுவிலுள்ள ஸ்டேட்டர் திருப்பி, பம்ப் சுற்றுகிற பக்கமாகவே அனுப்புகிறது. பம்பும் டர்பைனும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எஞ்சின் 2000 சுற்று சுற்றும்போது டர்பைன் 1800 சுற்றினால், அந்த 200 சுற்றுதான் வழுக்கல். அந்த வித்தியாசம் இல்லாவிட்டால் எண்ணெயால் தள்ளவே முடியாது. முப்பந்தல் காற்றாலையின் இலையை நினைத்துக்கொள்ளுங்கள். இலையைக் கடந்தபிறகும் காற்றில் வேகம் மிச்சம் இருந்தால்தான் இலை சுற்றும். எண்ணெய்க்கும் அதே கதைதான்.

வழுக்கலுக்கு ஒரு பலனும் உண்டு. டர்பைன் நின்றுகொண்டு எஞ்சின் மட்டும் சுற்றும் நிலையில், ஸ்டேட்டரின் புண்ணியத்தால் எஞ்சின் கொடுக்கும் முறுக்கு விசை ஏறக்குறைய இரண்டு மடங்காகி டர்பைனுக்குப் போகிறது. இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் வீடு கட்ட மண் தோண்டும் இடத்துக்குப் போனால் போதும். ஜேசிபி பக்கெட்டை மண்மேட்டில் குத்தி முன்னால் தள்ளும்போது சக்கரம் கிட்டத்தட்ட நின்றுவிடுகிறது. எஞ்சின் அணைவதில்லை, இன்னும் பலமாக முட்டுகிறது. அங்கே கியர்பாக்ஸுக்கு முன்னால் இருப்பது டார்க் கன்வர்ட்டர். சிக்னல் விழுந்து மார்த்தாண்டத்தில் நிற்கும் உங்கள் காருக்குள்ளும் அதேதான் நடக்கிறது. பிரேக்கை விட்டதும் வண்டி பைய நகரத் தொடங்குவது முழு வழுக்கலிலிருந்து டர்பைன் விடுபடுவதால்தான். வேகம் கூடக்கூட டர்பைன் பம்பை எட்டிப்பிடிக்கிறது. பம்பின் வேகத்தில் 85, 90 சதவீதத்தை அது தொட்டதும் ஸ்டேட்டரும் சேர்ந்து சுற்றத் தொடங்கும். விசை பெருகுவது அத்தோடு நின்றுவிடும்.

இனி கியர் மாறும் கணக்கு. பழைய ஆட்டோமேட்டிக்குகளில் கம்ப்யூட்டர் கிடையாது. கியர்பாக்ஸின் வெளித்தண்டில் கவர்னர் என்றொரு சிறு கருவி இருக்கும். வண்டி வேகமெடுக்க எடுக்க அதன் எண்ணெய் அழுத்தம் ஏறும். ஆக்ஸிலரேட்டரோடு கேபிளால் கட்டிய வால்வு இன்னொரு அழுத்தத்தைக் கொடுக்கும். வேகத்தின் அழுத்தம் காலின் அழுத்தத்தை வென்றால் கியர் ஏறும், தோற்றால் இறங்கும். இன்று அந்த வேலையைக் கம்ப்யூட்டர் செய்கிறது. ஆனாலும் அதன் அட்டவணையில் முக்கியமாக இருப்பவை அதே இரண்டுதான்: வண்டியின் வேகம், பெடலின் அழுத்தம். எண்ணெயின் சூடு, மேடு பள்ளம், எஞ்சினின் விசை எல்லாம் அந்த அட்டவணையைத் திருத்தும் உபரிச் சங்கதிகள்.

கவனித்துப் பாருங்கள், இந்தக் கணக்கில் எஞ்சின் ஆர்.பி.எம். வரவே இல்லை. மூன்றாவதிலிருந்து நாலாவதுக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மாறு என்றுதான் அட்டவணை சொல்கிறது. அந்த நேரத்தில் முள் எங்கே நிற்கும் என்பது வழுக்கலைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். டயரின் சுற்றளவு 2 மீட்டர், கடைசி கியர் விகிதம் 3.5, மூன்றாம் கியர் 1.5, நாலாம் கியர் 1.15 என்று வைத்துக்கொள்வோம். 40 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிஷத்துக்கு 333 சுற்று சுற்றும். மூன்றாம் கியரில் டர்பைன் 1750 சுற்று. சமதரையில் பெடலை லேசாகத் தொட்டு ஓட்டினால் டர்பைன் எஞ்சின் வேகத்தில் 95 சதவீதம் இருக்கும், அப்போது எஞ்சின் 1840 சுற்று. அதே 40-இல் ஏற்றத்தில் அழுத்தி ஓட்டினால் டர்பைன் 80 சதவீதத்துக்கு இறங்கிவிடும், எஞ்சின் 2190 சுற்று. கியர் ஒன்றுதான், வேகம் ஒன்றுதான், முள் மட்டும் 350 சுற்று ஏறி நிற்கிறது. கன்வர்ட்டர் வழுக்காமல் பூட்டியிருந்தால் (அதற்கென்று உள்ளே ஒரு கிளட்ச் உண்டு, பின்னால் சொல்கிறேன்) நாலாவதுக்கு மாறும்போது முள் 1750-லிருந்து 1340-க்கு, அதாவது 400 சுற்றுக்கு மேல் விழும். வழுக்கிக்கொண்டிருக்கும்போது மாறினால் 2190-லிருந்து 1950 அளவில்தான் வந்து நிற்கும், ஏனென்றால் டர்பைன் விழுந்த பள்ளத்தில் ஒரு பகுதியைக் கூடுதல் வழுக்கல் நிரப்பிவிடுகிறது. கியர் மாறியதே தெரியாமல் வண்டி வழுவழுவென்று போவது இதனால்தான். முள்ளை மட்டும் பார்த்துக்கொண்டு "கியர் ஏறவே இல்லை" என்று சொல்கிறவர்கள் ஏமாறுவதும் இங்கேதான்.

ஆக, வழுக்கல் கூடினால் அதே வேகத்தில் மாறும் கியர் கூடுதல் ஆர்.பி.எம்.மில் மாறுவதாகத் தோன்றும். இது பாதிக்கதை. மீதிப்பாதி காலில் இருக்கிறது. வழுக்கலில் சக்தி வீணாகும்போது வண்டி எதிர்பார்த்தபடி நகர்வதில்லை. ஓட்டுகிறவர் யோசிக்காமலேயே பெடலை இன்னும் கொஞ்சம் அழுத்துகிறார். 20 சதவீதத்தில் இருந்த பெடல் 35-க்குப் போகிறது. அட்டவணையில் அது வேறு வரிசை, அந்த வரிசையில் நாலாவதுக்கு மாறும் வேகம் 40-க்குப் பதில் 52 என்று இருக்கலாம். இப்போது கியர் உண்மையாகவே தாமதமாக மாறுகிறது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அவசரமாகப் போக விரும்பும் ஒருவர் ஓட்டுகிறார். உங்களுக்கோ வண்டி தயங்குகிறது.

முப்பந்தலுக்கு வருவோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்கோடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற தென்மேற்குப் பருவக்காற்று கிழக்கு நோக்கி அடிக்கிறது. அத்தனை காற்றாலைகள் அங்கே நிற்பதற்குக் காரணம் அதுவே. நாகர்கோவிலை நோக்கி வருகிறவருக்கு அது எதிர்க்காற்று. எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், 80-இல் போகும் உங்கள் வண்டியின் முகத்தில் 110 கிலோமீட்டர் காற்று மோதுகிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், ஆகவே தடை கிட்டத்தட்ட 1.9 மடங்கு. ரோடு சமதரைதான். வண்டிக்கு மட்டும் அது முடிவில்லாத ஓர் ஏற்றம். மேடு கண்ணுக்குத் தெரியாததால்தான் பழியைக் கியர்பாக்ஸ் மீது போடத் தோன்றுகிறது. அதே நாளில் அதே வண்டியில் நாகர்கோவிலிலிருந்து காவல்கிணற்றுக்குத் திரும்பிப் போய்ப் பாருங்கள், முள் அசையாமல் நிற்கும்.

1700-லிருந்து 2100-க்கு முள் துள்ளுவது எந்தக் கியர் மாற்றம்? பல சமயம் எதுவுமே இல்லை. லாக்-அப் கிளட்ச் விலகியிருக்கிறது. வேகம் நிலைத்தபிறகும் கன்வர்ட்டர் வழுக்கிக்கொண்டே இருந்தால் டீசல் வீணாகும் என்பதால், பம்பையும் டர்பைனையும் ஒன்றாகப் பூட்ட உள்ளே ஒரு கிளட்ச் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பேக்கார்ட் கம்பெனி 1949-லேயே இதைச் செய்தது. பூட்டினால் வழுக்கல் பூஜ்யம், முள் சட்டென்று 200, 300 சுற்று இறங்கும். ஆறு கியர் வண்டியில் ஏழு கியர் இருப்பதாகக் கணக்கு வருவது இதனால்தான். லாக்-அப்புக்கும் அட்டவணையில் தனிக் கோடு உண்டு. பெடலை ஓர் அளவுக்கு மேல் அழுத்தினால் கம்ப்யூட்டர் முதலில் பூட்டைத் திறக்கும். அதுவும் போதாவிட்டால்தான் கியரை இறக்கும். இன்றைய வண்டிகளில் முழுதாகப் பூட்டாமல், எஞ்சினின் அதிர்வு உள்ளே வராமலிருக்கச் சில பத்துச் சுற்றுகள் மட்டும் வழுக்கவிட்டுப் பிடித்துக்கொள்ளும் ஏற்பாடும் இருக்கிறது.

இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லாமல் போக எனக்கு மனமில்லை. கன்வர்ட்டரை 1905-இல் ஜெர்மனியில் ஹெர்மன் ஃபோட்டிங்கர் கப்பலுக்காகக் கண்டுபிடித்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். கிளம்பும்போது கன்வர்ட்டரின் பலத்தையும் ஓடும்போது வழுக்கல் குறைந்த இணைப்பையும் ஒன்றாகக் கொடுப்பது எப்படி என்ற இதே கேள்வியை டீசல் ரயில் எஞ்சினுக்காக எடுத்துக்கொண்டவர் நம் நாட்டுப் பொறியாளர் மன்மோகன் சூரி. சூரி டிரான்ஸ்மிஷன் என்றே அதற்குப் பெயர். இந்திய ரயில்வேயின் ஷண்டிங் எஞ்சின்களில் அது ஓடியது. துர்காபூரில் மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்து சுவராஜ் டிராக்டர் பிறக்கக் காரணமானவரும் அவரே. நம்ம இன்ஜினியரிங் காலேஜ் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று உண்மையாகவே நினைக்கிறேன்.

காற்றை விட்டு மேற்கே போவோம். கன்வர்ட்டருக்கு உண்மையான சோதனை குலசேகரம், திற்பரப்பு, அருமனை ரோடுகளில்தான். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஏறி இறங்கி ஏறும் ரோடு. எந்த ஏற்றமும் நீளமில்லை, எந்தச் சமதரையும் நிலைப்பதில்லை. லாக்-அப் பூட்டுவதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். மேட்டில் கால் அழுந்த, பூட்டுத் திறந்து கியர் இறங்குகிறது. உச்சியில் கால் தளர, கியர் ஏறுகிறது. அடுத்த வளைவில் மறுபடியும் அதே கூத்து. பேச்சிப்பாறை தாண்டிக் கோதையாறு பக்கம் ஏறும்போது, முன்னால் ஒரு லோடு ஜீப் ஊர்ந்துகொண்டிருந்தால் இன்னும் மோசம். 15, 20 கிலோமீட்டர் வேகத்தில், அழுத்திய பெடலோடு, பூட்டாத கன்வர்ட்டரோடு பத்து நிமிஷம் போக நேரும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் நடப்பதுதான் எனக்குக் கவலை. எஞ்சின் 30 கிலோவாட் கொடுக்கிறது, கன்வர்ட்டர் அதில் 80 சதவீதத்தைத்தான் கடத்துகிறது என்றால், மிச்சம் 6 கிலோவாட் அப்படியே எண்ணெயைச் சூடாக்குகிறது. சாதாரணமாக 80, 90 டிகிரியில் இருக்க வேண்டிய கியர்பாக்ஸ் எண்ணெய் 120-ஐத் தாண்டினால் வேகமாகக் கெட ஆரம்பிக்கும். பல வண்டிகளில் சூடு ஓர் அளவைத் தாண்டியதும் கம்ப்யூட்டர் அட்டவணையையே மாற்றிவிடும். கியரைத் தாமதமாக ஏற்றி, கீழ்க் கியரிலேயே லாக்-அப்பைப் பூட்டும். கூடிய ஆர்.பி.எம்.மில் கியர்பாக்ஸின் எண்ணெய் பம்ப் வேகமாகச் சுற்றி எண்ணெயைக் கூலருக்குத் தள்ளட்டும், வழுக்கல் குறைந்து சூடு குறையட்டும் என்பதற்காக. "மலை ஏறி வந்தபிறகு கியர் லேட்டா மாறுது" என்று சொல்கிறவர்களின் வண்டி அப்போது தன்னைத்தானே காத்துக்கொண்டிருக்கிறது. காலையில் குளிர்ந்த எண்ணெயோடு கிளம்பும்போதும் கியர் தாமதமாகத்தான் மாறும், லாக்-அப் பூட்டாது. முதல் சில கிலோமீட்டரை வைத்து வண்டியை எடைபோடக் கூடாது.

நம்ம ஆட்களிடம் ஒரு பயம் இருக்கிறது: முள் 2500-க்கு மேல் போனால் எஞ்சின் தேய்ந்துவிடும் என்று. அதனால் எவ்வளவு ஏற்றமானாலும் டி-யில் போட்டுக் குறைந்த ஆர்.பி.எம்.மிலேயே இழுக்க வைக்கிறார்கள். இது கன்வர்ட்டருக்குச் செய்யும் துரோகம். கீழ்க் கியரில் 2600 சுற்று சுற்றும்போது டர்பைன் வேகமாகச் சுற்றும், வழுக்கல் குறையும், சூடும் குறையும். மேல் கியரில் 1800 சுற்றில் திணறும்போது வழுக்கல் கூடுகிறது, எண்ணெய் வேகிறது. நீளமான ஏற்றமென்றால் மானுவல் மோடில் இரண்டிலோ மூன்றிலோ நிறுத்திவிடுங்கள். கியர் மேலும் கீழும் அலைவதும் நிற்கும். ஊர்ந்துதான் போக வேண்டுமானால் முன்வண்டிக்கு இடம் விட்டுப் போங்கள். ஏற்றத்தில் பிரேக் பிடிக்காமல் ஆக்ஸிலரேட்டரை மட்டும் அழுத்தி வண்டியை நிறுத்திப் பிடிக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள், அப்போது எஞ்சின் கொடுப்பது மொத்தமும் எண்ணெய்க்குள்தான் போகிறது.

உண்மையான கோளாறு எப்படித் தெரியும்? 60, 80 வேகத்தில் லேசான காலோடு போகும்போது விட்டுவிட்டு ஒரு நடுக்கம் வந்து, பெடலை அழுத்தினாலோ விட்டாலோ உடனே நின்றுபோனால், அது லாக்-அப் கிளட்ச் பிடிக்க முயன்று தோற்பது. பெரும்பாலும் எண்ணெய் கெட்டிருக்கும், அல்லது தவறான எண்ணெய் ஊற்றியிருப்பார்கள். சிவப்பாக இருப்பதெல்லாம் ஒரே ஆயில் இல்லை. டொயோட்டா தன் வண்டிக்கு டபிள்யு.எஸ். கேட்கிறது, ஹூண்டாயின் ஆறு கியர் ஆட்டோமேட்டிக் எஸ்.பி.4 கேட்கிறது. லாக்-அப் கிளட்ச் எவ்வளவு பிடிக்க வேண்டும், எவ்வளவு வழுக்க வேண்டும் என்பதே அந்த எண்ணெயில் சேர்த்த மருந்தில் இருக்கிறது. ஒரு பட்டறையில் என் கண்முன்னே "எல்லாத்துக்கும் இதுதான் ஊத்துவோம்" என்று கேனைத் திறந்தார்கள், நான் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

லாக்-அப் பூட்டவே இல்லையென்றால் ஸ்கேனரில் பி0741 என்ற கோட் வரும். எஞ்சின் வேகத்தையும் டர்பைன் வேகத்தையும் சென்சார்கள் அளக்கின்றன, பூட்டச் சொல்லியும் வித்தியாசம் குறையவில்லை என்று அதற்கு அர்த்தம். பிறகு பல வண்டிகள் லாக்-அப்பை அடியோடு நிறுத்திவிடும், சிலவற்றில் மேல் கியரே விழாது. அப்போது கியர் மாறும் முறை மொத்தமும் மாறியிருக்கும்.

ஸ்டேட்டரை ஒரு பக்கமாக மட்டும் சுற்றவிடும் ஒருவழிக் கிளட்ச் போய்விட்டால் அடையாளம் வேறு. ஹைவேயில் நன்றாக ஓடும், கிளம்பும்போது மட்டும் உயிரே இருக்காது. விசை பெருகாததால் கால் ஆழமாக அழுந்தும், கியர்கள் வரிசையாகத் தாமதமாகும். இதைக் கியர்பாக்ஸ் கோளாறு என்று தவறாகப் படிப்பது மிகச் சுலபம். பிரித்தறிய ஸ்டால் டெஸ்ட் இருக்கிறது: பிரேக்கை முழுதாக மிதித்து, டி-யில் போட்டு, பெடலை முழுதாக அழுத்தி முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பது. கம்பெனி சொன்னதைவிடக் குறைவாக நின்றால் ஸ்டேட்டரோ எஞ்சினோ பலவீனம். அதிகமாகப் போனால் வழுக்குவது கன்வர்ட்டர் இல்லை, கியர்பாக்ஸின் உள்கிளட்சுகள். ஐந்து வினாடிக்கு மேல் கூடாது. சுவரைப் பார்த்து நிறுத்திச் செய்யக் கூடாது. தெரிந்த மெக்கானிக்தான் செய்ய வேண்டும்.

லாக்-அப் வேலை செய்கிறதா என்று நீங்களே பார்க்க ஒரு வழி உண்டு. காற்று அதிகமில்லாத காலையில், பின்னால் வண்டி வராத நாலுவழிச் சாலையில் 80-இல் நிலையாகப் போகும்போது, ஆக்ஸிலரேட்டரை மாற்றாமல் பிரேக் பெடலை விளக்கு எரியும் அளவுக்கு மட்டும் தொடுங்கள். முள் 200, 300 சுற்று ஏறி, விட்டதும் மறுபடி இறங்கினால் பூட்டு நலமாக இருக்கிறது. புதிய வண்டிகள் சிலவற்றில் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் எஞ்சின் விசையைக் குறைத்துவிடும், அவற்றில் இந்தச் சோதனை செல்லாது.

வளைகுடாவில் வருஷக்கணக்கில் ஆட்டோமேட்டிக் ஓட்டிப் பழகி ஊர் திரும்புகிறவர்கள் இங்கே இப்போது பழைய ஆட்டோமேட்டிக்குகளைத் தேடி வாங்குகிறார்கள். அவர்களுக்குச் சொல்வது: விற்கிறவர் வண்டியைச் சூடேற்றி வைத்துக் காத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். குளிர்ந்த எஞ்சினை நீங்களே ஸ்டார்ட் செய்து, நாகர்கோவில் பார்வதிபுரம் மேம்பாலத்தில் மெதுவாக ஏறி, பிறகு நாலுவழிச் சாலைக்குப் போய் 60-லிருந்து 80 வரை லேசான காலோடு அரைமணி நேரம் ஓட்டுங்கள். நடுக்கம் இருக்கிறதா, பூட்டும்போது முள் சுத்தமாக இறங்குகிறதா என்று பாருங்கள். கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றிய பில்லைக் கேளுங்கள், அதில் எண்ணெயின் பெயர் எழுதியிருக்க வேண்டும். பில் இல்லையென்றால் எண்ணெய் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நடுக்கம் இருந்தால் கன்வர்ட்டரின் விலையையும் சேர்த்துக் கழியுங்கள்.